உள்ளே இருக்கிற சாட்சி

உட்காரும். பெஞ்சு எல்லாருக்கும் பொதுதான். ஆனால் கொஞ்சம் தள்ளி உட்காரும். வார்டு வாசல் எனக்குத் தெரியவேண்டும்.

யாருக்காக வந்திருக்கிறீர்? அக்காவா. என்ன உடம்புக்கு? கர்ப்பப்பை. சரி. எந்த ஊர்? கடையமா. கடையத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே என்ன கடை இருக்கிறது? சொல்லும் ஓய், சும்மா சொல்லும். டீக்கடையும் உரக்கடையுமா. சரி. கடையம்தான்.

முகத்தைச் சுளிக்காதீர். கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. நேற்று இதே பெஞ்சில் ஒருத்தன் வந்து உட்கார்ந்தான். வெள்ளைச் சட்டை. "ஆச்சிக்கு இப்போ தேவலையா தாத்தா?" என்று இழுத்துக் கேட்டான். உள்ளே கிடக்கிறது ஆச்சியா அத்தையா என்று அவனுக்கு எப்படித் தெரியும்? எழுந்து போடா என்றேன். போகிற அவசரத்தில் பிஸ்கட் பாக்கெட்டை விட்டுவிட்டுப் போனான். நான் தொடவில்லை. கூட்டுகிற அம்மாள் எடுத்துப் போனாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது வேறு விஷயம்.

என் பேர் கோமதிநாயகம். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். உம்முடைய கடையம் ரூட்டில் நான் பிடிக்காத கண்டக்டர் கிடையாது. பிள்ளையார் கோயில் திருப்பத்தில் புளியமரத்துக்குப் பின்னால் நிற்பேன். வண்டி வேகம் குறையும்போது கை காட்டுவேன். என்னைக் கண்டால் டிரைவருக்கே வேர்க்கும்.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம்தான் உயிர். டிக்கெட் இல்லாத ஆள் வண்டிக்குள் இருக்கிறவரைக்கும்தான் கேஸ். கீழே இறங்கி ஒரு எட்டு வைத்துவிட்டான் என்றால் அவன் யாரோ, நாம் யாரோ. "நான் இந்த பஸ்ஸிலேயே வரலையே" என்பான். கண்டக்டரும் "ஆமா சார், இவர் வரலை" என்பான். அதனால் இறங்கவிடக்கூடாது. ஒருத்தன், பிள்ளைக்கு வலிப்பு என்று தந்தி வந்திருக்கிறது, இந்த ஸ்டாப்பில் விடுங்கள் என்று காலில் விழுந்தான். விடவில்லையே நான். டெப்போவரைக்கும் கொண்டுபோய் எழுதி வாங்கிய பிறகுதான் விட்டேன். கேஸ் நின்றது. அந்தக் கண்டக்டருக்குச் சஸ்பென்ஷன். பிள்ளையா? பிள்ளை என்ன ஆயிற்று என்று எனக்கு எப்படித் தெரியும்?

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த ஒரு சட்டம் தெரியாததால்தான் இந்த நாட்டில் டாக்டர்மார் மேல் போடுகிற கேஸ் எல்லாம் தோற்கிறது. வக்கீல்களுக்கே தெரியவில்லை.

உள்ளே கிடக்கிறது என் வீட்டுக்காரி. ஆவுடையம்மாள். பித்தப்பையில் கல் என்றார்கள். எங்கள் ஊரில் மகராஜன் என்று ஒரு சர்ஜன். பெரிய கை. ஊரில் பாதிப் பேர் வயிற்றில் அவர் போட்ட தையல்தான். அவரிடம் போனோம். கல்லை எடுத்தார். வயிற்றின் வலது பக்கத்தில் ஒரு ரப்பர் குழாயைச் சொருகி வைத்தார். உள்ளே ஊறுகிற தண்ணீர் வெளியே வருவதற்காம். நாலைந்து நாள் கழித்து அதை உருவினார். எப்படி உருவினார்? போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, எவனிடமோ நிலம் விலை பேசிக்கொண்டு, வெடுக்கென்று.

நான் பக்கத்தில் நின்றேன். குழாயின் நுனியைப் பார்த்தேன். வெட்டின நுனி எப்படி இருக்கும், பிய்ந்த நுனி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? "டாக்டர், நுனி பிய்ஞ்ச மாதிரி இருக்கே" என்றேன்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "பெரியவரே, இது டிக்கெட் இல்ல, கிழிஞ்சிருக்கான்னு பாக்க" என்றார்.

நர்ஸ் பெண்கள் சிரித்தார்கள். கம்பவுண்டர் சிரித்தான். போனில் இருந்தவனுக்கும் கேட்டிருக்கும். கட்டிலில் படுத்திருந்த இவளும் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். வலியில் சிரித்தேன் என்று அப்புறம் சொன்னாள். வலியில் யாராவது சிரிப்பார்களா?

குழாய் வந்த ஓட்டை ஆறவே இல்லை. மூடும், மறுபடி கசியும். அவரிடம் போனால், "உள்தையல் நூல், தானா கரைஞ்சிரும்" என்றார். எத்தனை மாசம் கரையும் நூல்? இவள் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்துக் கட்டிக்கொள்வாள். காலையில் நான் எழுந்திருப்பதற்குள் அலசிப்போட்டுவிடுவாள். கொடியில் வரிசையாகத் தொங்கும். கைக்குழந்தை இருக்கிற வீடா என்று கேட்டவர்கள் உண்டு.

பக்கத்து டவுனில் ஸ்கேன் எடுத்தோம். எடுத்த பையன் திரையைப் பார்த்துவிட்டு, "உள்ள குழாய் மாதிரி ஏதோ துண்டு கிடக்கே ஆச்சி" என்றான். நான் சொன்னேனா இல்லையா?

விஷயம் மகராஜன் காதுக்குப் போயிற்று. எப்படிப் போயிற்று என்று கேளும். ஸ்கேன் சென்டர் அவர் மச்சினனுடையது. அன்று சாயந்திரமே வீட்டு வாசலில் கார். அவரே வந்தார். நாற்காலி போடச் சொல்லாமலே உட்கார்ந்தார். "அய்யா, சின்ன விஷயம். நாளைக்குக் காலைல கூட்டிட்டு வாங்க. அஞ்சு நிமிஷத்துல எடுத்துருவேன். ஒரு செலவும் கிடையாது" என்றார்.

பார்த்தீரா? அதுவரைக்கும் பெரியவர். அன்றைக்கு அய்யா.

இவள் அடுக்களை வாசலில் நின்று, "எடுத்துரட்டுமேங்க" என்றாள். நீ உள்ளே போ என்றேன். அவர் எதற்கு ஓடி வருகிறார்? எடுத்துவிட்டால் அந்தத் துண்டு குப்பைக் கூடையில். அப்புறம் துண்டு ஏது, குழாய் ஏது? ஆளை இறக்கிவிட்டு வண்டியைக் கிளப்புகிற கண்டக்டர் வேலை. இதை நான் சொன்னபோது உம்மைப்போலத்தான் எல்லாரும் தலையாட்டினார்கள். இந்த இடம்வரைக்கும் எல்லாருக்கும் புரிகிறது. அதற்கு மேல்தான் ஒருத்தனுக்கும் புரிவதில்லை.

கேஸ் போடுவது என்று இறங்கினேன். ஸ்டேஷனுக்குப் போனால், "இன்னொரு டாக்டர் தப்புன்னு எழுதித் தரட்டும், அப்புறம் பாப்போம்" என்கிறார் எஸ்.ஐ. எந்த டாக்டர் எழுதித் தருவார்? நான் ஏறி இறங்காத கிளினிக் இல்லை. ஒருத்தர் ஸ்கேனைக் கையில் வாங்கவே இல்லை. ஒருத்தர் வாங்கி, பார்த்து, "அடடா" என்றார். அந்த அடடாவை எழுதித் தாரும் என்றேன். "எனக்கும் இந்த ஊர்லதான் தொழில் ஓடணும்" என்றார். அது ஒன்றுதான் யோக்கியமான பேச்சு.

வக்கீல்கள்? முதல் வக்கீல், "மகராஜன் சார்தான் எங்கம்மாவுக்குக் குடல்வால் எடுத்தாரு" என்று கைகூப்பினார். இரண்டாவது ஆள் அந்த ஆஸ்பத்திரிக்கே வக்கீல். அது தெரியாமல் அவரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு வந்தேன். மூன்றாவது ஆள் எடுத்துக்கொள்கிறேன் என்றார். எடுத்த எடுப்பில் ஒத்துக்கொண்டதால் எனக்குச் சந்தேகம் வந்து நானே விட்டுவிட்டேன்.

கடைசியில் கோர்ட்டில் இலவசமாக வக்கீல் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எஸ்தர் என்று ஒரு பெண்ணைக் கொடுத்தார்கள். சின்ன வயசு. ஸ்கூட்டரில் வரும். நுகர்வோர் கோர்ட்டில் மனு போட்டது அதுதான். மனுதாரர் ஆவுடையம்மாள். நான் அவளுக்காகப் பேசுகிற ஆள். வாய்தா மேல் வாய்தா. ஒருநாள் நீதிபதி லீவு. ஒருநாள் டாக்டர் தரப்பு வக்கீலுக்கு ஜுரம். ஒருநாள் டாக்டருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் வரவில்லை. நாங்கள் பஸ்ஸைப் பிடித்துப் போய், இவள் வராண்டாவில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்து, திரும்பி வருவோம். வருகிற வழியில் இவள் ஜன்னல் ஓரம் கேட்பாள். வாடை வருகிறதாம். அவளிடமிருந்துதான். மற்றவர்களுக்குத் தெரியக்கூடாதாம். கோயிலுக்குப் போவதையும் அதனால்தான் நிறுத்தினாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மூக்கு அவ்வளவு போதாது.

எஸ்தர் ஒருநாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டது. "ஐயா, பெரியாஸ்பத்திரில சேர்த்து எடுத்துருங்க. கவர்மெண்ட் டாக்டர் எடுத்து, எழுதி, பொருளையும் ஒப்படைச்சா அதைவிடப் பெரிய சாட்சி இல்ல" என்றது.

எனக்குச் சுருக்கென்றது. மகராஜன் என்ன சொன்னாரோ அதையே இதுவும் சொல்கிறதே. யோசித்துப் பாரும். மகராஜன் கோர்ட்டில் போட்ட பதிலில் என்ன இருக்கிறது? "நான் குழாயை முழுசாத்தான் எடுத்தேன். வேற எங்கயோ வைத்தியம் பாத்திருக்காங்க, அங்க விட்டிருப்பாங்க." அப்படியென்றால், பெரியாஸ்பத்திரியில் திறந்து எடுத்தால், "அவங்கதான் வச்சாங்க, அவங்களே எடுத்துக் காட்டுறாங்க" என்று சொல்லமாட்டாரா? அதோடு இங்கே இருக்கிற பெரிய டாக்டரும் அவரும் ஒரே காலேஜ். விசாரித்துவிட்டேன். ஒரே விடுதி.

"ஸ்கேன் இருக்கே ஐயா" என்றது எஸ்தர். ஸ்கேனை மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்? ஆளை மாற்ற முடியுமா? வயிற்றை மாற்ற முடியுமா? நீதிபதி முன்னால் இவளைக் கொண்டுபோய் நிறுத்தி, இதோ உள்ளே இருக்கிறது, இப்போதே படம் எடுத்துப் பாரும் என்று சொல்லவேண்டும். அதுதான் பிடி. அதுவரைக்கும் குழாய் இறங்கக்கூடாது.

"அம்மாவைக் கேட்டீங்களா?" என்றது அந்தப் பெண். இதெல்லாம் ஒரு கேள்வியா. கேஸே அவள் பேரில்தானே இருக்கிறது.

சம்பளம் வாங்காமல் ஒருத்தி எதற்கு இவ்வளவு அக்கறைப்படுகிறாள்? அதிலிருந்து அதனிடம் எல்லாவற்றையும் சொல்வதை நிறுத்திக்கொண்டேன். ஸ்கேன் படத்தைக் கேட்டபோது நகல் மட்டும் கொடுத்தேன்.

மருமகன் ஒருத்தன் இருக்கிறான். கண்ணபிரான். பகவதியைக் கட்டியவன். அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. அவன் வந்து, "மாமா, அத்தை உடம்பு பாதியாப் போச்சு. நான் மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன். எடுத்துருவோம்" என்றான். யார் சொல்லிக்கொடுத்த பேச்சு இது? அதற்கு முந்தின வாரம்தான் மகராஜன் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரோடு அவன் டீக் குடித்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். எவ்வளவுக்கு விலைபோனாய் என்று நடுவீட்டில் வைத்துக் கேட்டேன். "அவன் என்கூடப் படிச்சவன் மாமா" என்றான். எல்லாருமே எல்லார்கூடவும் படித்தவர்களாகத்தான் இருக்கிறார்கள். வெளியே போடா என்றேன். பகவதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாள். அப்புறம் வரவில்லை. போன் பண்ணுவாள், இவள் எடுப்பாள். நான் வந்தால் வைத்துவிடுவாள். அம்மையும் மகளும் என்ன பேசினார்கள்? கேட்டால், "சும்மா, பிள்ளைக்குப் பல்லு முளைச்சிருக்காம்" என்பாள். எத்தனை நாளைக்குப் பல் முளைக்கும்?

பக்கத்து வீட்டுக்காரனையும் இனி வாசல்படி ஏறாதே என்று நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கூப்பிடட்டுமா என்று தினம் கேட்டால்?

ஆனால் கோர்ட்டில் ஒருநாள் நான் கொடுத்த பதிலடி இருக்கிறதே. கேளும். டாக்டர் தரப்பு வக்கீல் சென்னையிலிருந்து வந்தவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ரொம்ப மரியாதையாகக் கேட்டார். "அந்தத் துண்டை எடுத்துவிடலாம் என்று யாராவது உங்களிடம் சொன்னார்களா?"

"எல்லாரும்தான் சொன்னார்கள்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"முடியாது என்றேன்."

"அது உங்கள் மனைவியின் முடிவா, உங்கள் முடிவா?"

"என் முடிவு!" கோர்ட்டே அதிரச் சொன்னேன். "கேஸ் முடிகிறவரைக்கும் எவனும் அவள் வயிற்றில் கைவைக்க நான் விடமாட்டேன்!"

அந்த ஆள் பேனாவை மூடிவிட்டார், ஓய். வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். சென்னை வக்கீல்! வாயடைத்துப் போயிற்று. மகராஜன் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. பயந்தவன் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும். டிக்கெட் இல்லாதவன் அப்படித்தான் முதலில் சிரிப்பான்.

எஸ்தர் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டது. வெளியே வந்து, "ஐயா, அவங்களுக்கு வேண்டியதை நீங்களே தட்டுல வச்சுக் கொடுத்துட்டீங்க. அம்மா கஷ்டப்பட்டதுக்கு டாக்டர் காரணம் இல்ல, எடுக்க விடாத நீங்கதான் காரணம்னு இனிமே சொல்வாங்க" என்றது. கண் கலங்கியிருந்தது. நடிப்பு. எதிர்க்கட்சிக்காரன் தோற்றால் இது ஏன் கலங்கவேண்டும்?

இவள் அன்றைக்குத் திரும்பி வரும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "கேஸ் எப்போ முடியும்?" தெரியாது என்றேன். "சும்மா கேட்டேன்" என்றாள். தைரியசாலி. ஒரு முனகல் கிடையாது. இடது பக்கமாகவே படுப்பாள், வலது பக்கம் தலையணையை அணைத்து வைத்துக்கொள்வாள். ராத்திரியில் உடம்பு அனலாகக் கொதிக்கும். விடிந்தால் காப்பியோடு நிற்பாள். அப்படிப்பட்ட சாட்சி யாருக்குக் கிடைக்கும்?

இங்கே எப்படி வந்தோம் என்றுதானே கேட்கிறீர்? நான் கொண்டுவரவில்லை. பென்ஷன் ஆபீசுக்குப் போயிருந்தேன். இவள் துணி துவைக்கிற கல் பக்கத்தில் விழுந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரன், நான் ஒதுக்கி வைத்த அதே ஆள், ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டான். நான் இருந்திருந்தால்... இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? நாட்டுமருந்து ஒன்று வைத்திருக்கிறேன். அதைக் கொடுத்திருப்பேன்.

இங்கே ஒரு டாக்டரம்மா. பகவதி வயசுதான் இருக்கும். இன்றைக்குக் காலையில் கூப்பிட்டு, "தாத்தா, சீழ் உள்ள பரவிட்டு. இனி காத்திருக்க முடியாது. கையெழுத்துப் போடுங்க" என்றாள். நான் நிபந்தனை சொன்னேன். ஒரு மாஜிஸ்திரேட் வரவேண்டும். வீடியோ எடுக்கவேண்டும். நான் உள்ளே நிற்கவேண்டும். "மாஜிஸ்திரேட் வர்றதுக்குள்ள ஆச்சி இருக்கமாட்டாங்க" என்றாள். மிரட்டல். எழுந்து வந்து மறுபடி இந்தப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்களாம். விடவேண்டாம். இந்த வாசலைத் தாண்டாமல் அவளை எங்கேயும் கொண்டுபோக முடியாது. என் கையெழுத்து இல்லாமல் கத்தி எடுக்க முடியாது. நேற்று மத்தியானத்திலிருந்து இங்கேதான் இருக்கிறேன்.

என்ன, அப்படிப் பார்க்கிறீர்? உம்முடைய அக்காளாக இருந்தால் போட்டிருப்பீரா? போடும், போடும். உம்மைப் போன்ற ஆட்களை நம்பித்தான் மகராஜன் மூன்று மாடி கட்டியிருக்கிறார்.

இரும். நர்ஸ் வருகிறாள். படிவத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி.

என்னம்மா? ஆவுடையம்மாள் ஆள் நான்தான். கொடு, கிழித்துப்போடுகிறேன். என்ன? வேண்டாமா? ஏன் வேண்டாம்? யார் போட்டது கையெழுத்து?

யார் போட்டது என்று கேட்கிறேன்.

ஓய், கேட்டீரா? அவளே போட்டுவிட்டாளாம். "பேஷண்டுக்கு நினைவு இருக்கு, விவரம் தெரியுது, அவங்க கையெழுத்தே போதும் தாத்தா, உங்களைக் கேட்டது ஒரு மரியாதைக்கு" என்கிறாள். மரியாதைக்காம். உள்ளே கொண்டுபோய் நேரம் ஆகிவிட்டதாம். நான்தான் இந்த வாசலை விட்டு நகரவே இல்லையே! என்னது? பின்பக்கம் ஒரு வாசல் இருக்கிறதா? தியேட்டருக்குப் போகிற வழியே அதுதானா?

பஸ்ஸுக்கு இரண்டு வாசல். நான் முன்பக்கம் ஏறினால் பின்பக்கம் ஒரு ஆளை நிறுத்தாமல் ஏறினதே கிடையாது. ஒருநாள்கூடக் கிடையாது.

ஏம்மா. நில். போகும்போது என்ன சொன்னாள்? என்னிடம் சொல்லச் சொல்லி ஏதாவது?

ஒன்றும் சொல்லவில்லையாம். "சரியானா ரெண்டு பக்கமும் திரும்பிப் படுக்கலாமா" என்று டாக்டரம்மாவைக் கேட்டாளாம். படுக்கலாம் என்றதும் பேனாவை வாங்கினாளாம்.

சரி. நீ போ.

என்ன ஓய், ஏன் தரையைப் பார்க்கிறீர்? இவ்வளவு நேரம் தலையாட்டினீர் அல்லவா? பேசும். கேஸ் போயிற்று என்று நினைக்கிறீரா? போனால் போகட்டும் என்று நான் சொல்லவில்லை. நான் அப்படிச் சொல்கிற ஆள் இல்லை. மகராஜன் ஆள் ஒருத்தன் இந்த நேரம் தியேட்டருக்குள் இருப்பான். எழுதி வைத்துக்கொள்ளும். வாளியில் போட்டு மூடிக் கொண்டுபோவான். நான் போய் அந்தப் பின்வாசலில் நிற்கப்போகிறேன். யார் என்ன கொண்டுவந்தாலும் திறந்து காட்டச் சொல்வேன்.

கால் மரத்துப்போயிருக்கிறது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன்.

பேனாவை எப்படிப் பிடித்தாளோ. காப்பி டம்ளரையே இரண்டு கையாலும்தான் பிடிப்பாள், கொஞ்ச நாளாக.

உம்முடைய அக்காள் எப்போது வெளியே வருவாள்? நாளைக்கா. நல்லது.

அதோ. வேறொரு நர்ஸ். ஓடி வருகிறாள் ஓய். ஏன் ஓடி வருகிறாள்? ஆஸ்பத்திரியில் இவர்கள் ஓடி நான் பார்த்ததில்லை.

நான்தான். சொல். இருக்கிறாளா? இருக்கிறாளா, அதைச் சொல்.

இருக்கிறாள். சரி. இருக்கிறாளாம் ஓய். துண்டு வந்துவிட்டதாம். விரல் நீளமாம். ஒரு பக்கம் வெட்டின நுனி, ஒரு பக்கம் பிய்ந்த நுனியாம். நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? மகராஜனைக் கூப்பிடு, அந்தக் கம்பவுண்டரைக் கூப்பிடு, சிரிக்கச் சொல் இப்போது!

என்ன? மெதுவாகச் சொல்லம்மா. டாக்டரம்மா என்னைக் கூப்பிடுகிறாளா? நான் பார்க்கப் பாட்டிலில் போட்டு, ஒட்டி, என் கையெழுத்தும் வாங்கப்போகிறார்களாம். ஆனால் இப்போதே வரவேண்டுமாம். அடுத்த ஆபரேஷன் காத்திருக்கிறதாம். வருகிறேன், இதோ வருகிறேன்.

வேறென்ன? இன்னும் என்ன?

ரத்தமா? எவ்வளவு போயிற்று? உள்ளே எல்லாம் ஒட்டிக்கொண்டிருந்ததா? ரொம்ப நாள் கிடந்ததாலா? சரி, அதை இப்போது சொல்லாதே. பிளட் பேங்கில் கொடுத்ததை ஏற்றியாயிற்று, இன்னும் வேண்டும், பதிலுக்கு நம் ஆள் கொடுத்தால் உடனே தருவார்கள். எந்தக் குரூப்பானாலும் சரி என்கிறாய். அவ்வளவுதானே? எடு. என்னிடம் எடு. இந்தா கை. என்ன வயசா? வயசுக்கு என்ன? எழுபது ஆகிறது. எழுபது வயசு ரத்தம் ரத்தம் இல்லையா? சட்டமா? என்ன சட்டம்?

கூட யாரும் வரவில்லையா என்கிறாள் ஓய். மகன், மருமகன், பக்கத்து வீட்டில் யாராவது.

யாரும் இல்லைம்மா.

மருமகன் இருக்கிறான். கூப்பிட்டால் வருவான். அவன் ஊரிலிருந்து பஸ் ஏறி எப்போது வந்துசேருவது? நான் எப்படி... பகவதி நம்பர் இவள் போனில் இருக்கிறது. என் போனில் அழித்துவிட்டேன்.

ஓய்.

உமக்கு என்ன வயசு? நாற்பத்தாறா. சர்க்கரை உண்டா? பிரஷர்? ஊசி என்றால் பயமில்லையே?

எழுந்திரும். உம்முடைய பேரைக்கூட நான் கேட்கவில்லை. வழியில் சொல்லும். ஏம்மா, பிளட் பேங்க் எங்கே இருக்கிறது? பழைய கட்டிடமா? அதுவரை நடக்கவேண்டுமா? நான்தான் இவரைக் கூட்டிப்போகவேண்டும், சீட்டில் நோயாளி ஆள் கையெழுத்துப் போடவேண்டும் என்கிறாயா? அப்படியானால் டாக்டரம்மாவிடம் சொல். எனக்கு வர நேரமில்லை என்று சொல். பாட்டிலில் அவர்களே போட்டு ஒட்டட்டும். நீ பக்கத்தில் நில். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார், அது போதும்.

என்ன ஓய் நின்றுகொண்டு பார்க்கிறீர்? வாரும். வேகமாக நடந்து வாரும்.